ஒற்றியூரில் துறந்த வாளும் தஞ்சையில் உடைந்த வாளும்

சிவமயம்

படைக்கலங்களின் வேலைப்பாட்டைப் பற்றிச் சைவசித்தாந்தத் திங்களிதழொன்றில் எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நெறியினர்க்கு வாளின் கூர்மையும் அதன் பிடியின் அழகும் யாது பயன் தருமென்று அவர் வினவுவர். அவ்வினா தக்கதே. ஆயினும் நம் பெருமான் திருக்கரங்களில் மழுவும் சூலமும் விளங்குகின்றன. முருகப்பெருமானை வேலின் வடிவிலேயே வைத்து வழிபடுமிடங்கள் பல. சிவாலயத் திருவிழாவின் முடிவில் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் அத்திரதேவர் சூலவடிவினரேயாவர். ஆகலின் படைக்கலமென்பது கொலைக்கருவி என்னும் அளவில் நின்றொழியாது, வழிபடுபொருளாகவும் நந்தமிழ்நாட்டில் தொன்றுதொட்டு நின்று நிலவுவதாயிற்று.

இனி, ஈண்டு ஆராயப் புகுந்த வினா இது: வெட்டுதற்கும் குத்துதற்குமென அமைந்த இரும்பிற்கு அணி எற்றுக்கு? யாளியும் மகரமும் நந்தியும் செதுக்கப்பட்ட பிடியினால் வாளின் கூர்மை ஓரணுவும் மிகுவதில்லை. செல்வர் தம் பெருமை காட்டற்கெனச் செய்தவை அவையென்று சொல்லி விடுவார் உளர். அவ்விடை முழுதும் பொய்யன்று, முழுதும் உண்மையுமன்று. வாளின் அலகு பகைவன் காண்பது. அதன் பிடியோ ஏந்துவான் நாளும் கண்டும் தொட்டும் பழகுவது. பிடியிற் செய்த அணி, அவ்வாள் யாருடைய ஆணைக்கு அடங்கியதென்பதை ஏந்துவானுக்கு அறிவுறுத்தும் எழுத்தாம் என்பதே யாம் கூறப்புகும் கருத்து. அவ்வெழுத்தைப் படித்தவர் செய்ததையும், படியாதவர் செய்ததையும் முறையே திருவொற்றியூரினும் தஞ்சையினும் வைத்துக் காண்போம்.

படைக்கலத்தின் அணியைப் பற்றிய பழந்தமிழ்ச் சான்று, திருவொற்றியூரை அகத்தே கொண்ட தொண்டைநாட்டிலேயே தோன்றுகின்றது. அதியமானுக்குத் தூதாகத் தொண்டைமானிடஞ் சென்ற ஔவையார்க்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அது கண்டு அவர் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. இவன் படைகள் மயிற்பீலி சூடி, மாலை புனைந்து, நெய் பூசப்பெற்றுக் காவல்மிக்க மனையில் அழகுற இருக்கின்றன என்றும், அதியமான் படைகளோ பகைவரைக் குத்திக் கங்கும் நுனியும் முறிந்து கொல்லனது சிறு கொட்டிலிற் கிடக்கின்றன என்றும் அவர் கூறியது அதன் பொருள். புகழ்வதுபோல் இகழ்ந்த அத்திறம் யாவரும் அறிந்ததே. ஆயின், அப்பாட்டு நமக்கு இன்னொன்றையும் உணர்த்துகின்றது. பீலியும் மாலையும் நெய்யும் தெய்வத்திற்கு இடுவன; அவற்றை இரும்பிற்கு இடுதல் அக்காலத்து வழக்கமாயிருந்தது. ஔவையார் இகழ்ந்தது படையைப் போற்றும் அவ்வழக்கத்தையன்று. போர் அறியாதவன் கொண்ட செருக்கையே என்க.

தொல்காப்பியப் புறத்திணையியலும் இதற்குத் துணை நிற்கின்றது. வாளை நீராட்டி வாழ்த்தும் வாண்மங்கலம் அங்கே ஒரு துறையாக வைக்கப்பட்டது. நன்னாள் பார்த்து வாளைப் புறவீடு விடும் வாணாட்கோளும் அவ்வாறே. மங்கலமும் நாளும் பெறுவதொரு பொருள் வெறும் உலோகத் துண்டாதல் எங்ஙனம்? முற்காலத்து இவ்வணி வாளின் மேலே சூட்டப்பட்டது. பிற்காலத்து அதுவே வாளின் உடம்பில் உலோகமாகவே அமைக்கப்பட்டது. சூட்டிய மாலை வாடும்; செதுக்கிய மலர் வாடாது. கம்மியர் செய்தது இத்துணையே.

அணியைக் கூறுமுன் அவ்வணி தாங்கும் உலோகத்தைப் பற்றிச் சில கூறவேண்டும். எஃகு என்னுஞ் சொல் பழந்தமிழில் உருக்கையும் அவ்வுருக்காற் செய்த வேலையும் ஒருங்கே குறித்தது. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ என்பார் 1899 முதல் 1905 வரை அகழ்ந்தெடுத்தவற்றுள் இரும்பு வாள்களும் ஈட்டிகளும் உள்ளன. பதிற்றுப்பத்திற் கொடுமணம் எனப் பாராட்டப்பெறும் ஊராகக் கருதப்படும் கொடுமணலில், நொய்யலாற்றங்கரையிலே, இரும்புருக்கும் உலைகள் அகழாய்விற் கிடைத்தன. அவ்வுருக்கு ஆக்கப்பட்ட முறையைச் சென்னை மாகாணத்து அலுவலராயிருந்து பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஹீத்து என்பார் 1839ஆம் ஆண்டில் விளங்க எழுதிவைத்தார். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக்கி, உலர்ந்த ஆவாரங்கட்டையை நறுக்கி எடையிற் பத்திலொரு பங்கு சேர்த்து, மண்மூசையிலிட்டு, எருக்கிலை முதலிய பச்சிலை யொன்றிரண்டால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பர். இருபது இருபத்துநான்கு மூசைகளை உலையில் வளைவாக அடுக்கிக் கரிமூடித் துருத்தியால் ஊதுவர். இரண்டரை நாழிகையல்ல, இரண்டரை மணி நேரம் ஊதியபின் ஆறவிட்டு மூசையை உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டியிருக்கும். ஆவாரையும் எருக்கும் ஈந்த கரியே மெல்லிரும்பை வல்லுருக்காக்கியது.

இவ்வுருக்கே மேலைநாட்டாரால் ஊட்சு எனப் பெயர்பெற்றது. கன்னடத்து உக்கு என்னும் சொல்லின் திரிபு அஃதென்பர். தெலுங்கு நாட்டுக் கோனசமுத்திரம் முதலிய ஊர்களிலிருந்து பாரசீக வணிகர் இதனை வாங்கிச் சென்றனர். டமாஸ்கஸ் வாள் என உலகம் புகழ்ந்தவற்றுள் இந்திய உருக்கால் ஆயவை பல. மின்னாற்றல் ஆராய்ச்சியாற் பின்னர்ப் பெரும்புகழ் பெற்ற பாரடே என்னும் அறிஞர் 1819ஆம் ஆண்டிலேயே இதனைச் சோதித்து எழுதினார். இவ்வுருக்கில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை கரி கலந்திருக்கும். அதனை மிகச் சுடாது அளவான சூட்டில் மெல்ல மெல்ல அடித்து நீட்டினால், கரி மிக்க பகுதியும் குறைந்த பகுதியும் நிரை நிரையாகப் பிரிந்து நிற்கும். பின்பு புளிப்பூட்டிக் கழுவினால் அலகு முழுதும் நீரலை போன்ற வரிகள் தோன்றும். அவ்வரி எவருஞ் செதுக்கியதன்று. உலோகத்தினுள்ளே பிறந்து வெளிப்பட்டது. வாளின் முதலணி அதுவேயாம்.

அடுத்த அணி பிடியில் உள்ளது. அதற்குக் கட்டாரி என்னும் குத்துவாளை எடுத்துக்கொள்வோம். ஏனைய வாள்களிற் பிடி அலகின் நேர்க்கோட்டில் நீளும். கட்டாரியிலோ குறுக்கே கிடக்கும். இரண்டு இருப்புச் சட்டங்கள் கையின் இருமருங்கும் நிற்க, அவற்றிடையே குறுக்குக் கம்பிகள் பாலம்போல் அமையும். அவற்றைப் பற்றி முட்டி பிடித்தால், அலகு முட்டிக்கு நேர் முன்னே நீளும். குத்துவானது தோளின் வலியெல்லாம் வளையாது முனையிற் சென்று சேரும். விசயநகர வேந்தர் காலத்தும் தஞ்சை நாயக்கர் காலத்தும் செய்யப்பட்ட கட்டாரிகள் பலவற்றிற் புறங்கையை மறைக்கும் வளைந்த தகடொன்று உண்டு. அத்தகட்டைக் கம்மியர் வாளா விட்டாரல்லர். கொடியும் மலரும் இடைவெளி தோன்றத் துளைத்தனர். அதன் தலையில் யாளியையோ மகரத்தையோ சுருண்டெழச் செய்தனர். அலகு பிடியினின்றும் புறப்படுமிடத்தில் தாமரையிதழ் விரித்தனர். யானைத் தோட்டிகளிலும் குறுவாள்களிலும் இரும்பின் முனை யாளியின் வாயினின்று புறப்படுமாறு அமைத்தலும் அவர்க்கு வழக்கம்.

இவ்வுருவங்கள் யாண்டிருந்து வந்தன என்று தேடி அலைய வேண்டுவதில்லை. எந்தச் சிவாலயத்தினுள் நுழையினும் இவையனைத்தும் காணலாம். மகரவாயினின்று தோரணம் புறப்படும். தூண்தோறும் யாளி தாவும். மாடத்தின் நெற்றியிற் கீர்த்திமுகம் விழிக்கும். அக்கீர்த்திமுகத்தின் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. சலந்தரனுடைய தூதனை விழுங்குதற்கெனப் பெருமான் நெற்றியினின்று ஒரு பூதந் தோன்றிற்று. தூதன் அடைக்கலம் புகவே, பசியால் வாடிய பூதத்தைத் தன்னையே உண்ணுமாறு பெருமான் பணித்தார். அது தன் உடல் முழுதும் உண்டு முகமட்டும் எஞ்சி நின்றது. அவ்வடக்கத்தை மெச்சி அதற்குப் புகழ்முகம் என்று பெயரிட்டுத் திருவாயிலிற் காவலாக வைத்தருளினார். அடைக்கலம் புகுந்தானை விடுத்துத் தன் பசியைத் தானே உண்டதொரு முகம் வாளின் பிடியிலும் அமையுமாயின், ஏந்துவானுக்கு அது கூறும் அறிவுரை யாதென்று விரிக்க வேண்டா.

தொழிலின் முறையும் கோயிற்றொழிலோடு ஒத்ததே. தேன்மெழுகில் உருச்செய்து மண்பூசி மெழுகை உருக்கி வடித்து, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்தல் செப்புத் திருமேனிக்கும் பித்தளை வாட்பிடிக்கும் பொது. உளியால் உருக்கைச் செதுக்குதல் கல்லைச் செதுக்குதலினும் கடியது. ஒருமுறை தவறின் ஒட்டவைத்தல் இயலாது. பொன்வேலை செய்வார் இரும்பின் மேற்பரப்பை நுண்ணிய கீறல்களாற் கரடாக்கி, அதன்மேற் பொற்கம்பியை வைத்து அடித்துப் பதித்துப் பின் மெருகிடுவர். கல், மரம், இரும்பு, செம்பு, பொன் என்னும் ஐவகைத் தொழிலும் கம்மாளர் என்னும் ஒரு குலத்தார்க்கே உரியவாயிருந்தமையின், திருவாசி செய்த கையின் வழக்கு வாட்பிடிக்கும் வந்து சேர்ந்தது. ஆயின் அப்பிடிகளுட் பெரும்பாலனவற்றிற் செய்தான் பெயர் இல்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிற் சேலத்திலிருந்த அருணாசலம் என்னும் கொல்லர், வேட்டைக் கத்திகளும் பன்றி வேட்டைக்குரிய ஈட்டிகளும் செய்து தம் பெயர் விளங்க வாழ்ந்தமை அரியதொரு விலக்காம்.

யாம் மேலே கூறிய கருத்திற்கு வலிய சான்றொன்று உண்டு. தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றின் அலகு தமிழ்நாட்டிற் செய்யப்பட்டதன்று. போர்ச்சுக்கீசியர் முதலிய மேலைநாட்டார் கடல்வழிக் கொணர்ந்து விற்ற ஐரோப்பிய வாள்களைத் துண்டித்து, அவற்றைத் தமிழ்க் கம்மியர் தாம் செய்த பிடிகளிற் பொருத்தினர். நெடுவாள்களிலும் அங்ஙனமே அந்நிய அலகு கொண்டவை பரங்கி வாள் எனப்பட்டன. உருக்குக்குப் பெயர்பெற்ற நாட்டார் பிறர் உருக்கை வாங்கியது ஏன் என்பது ஒரு வினா. வேலையின்றி ஆயத்தமாய்க் கிடைத்தமையும், அலகின் நீளமும் துவட்சியும் அதற்குக் காரணமாகலாம். நமக்கு வேண்டுவது வேறு. அலகை எந்நாட்டினின்றும் வாங்கினர், பிடியை வாங்கினாரல்லர். கடல்கடந்து வந்த அலகும் யாளியின் காவலுக்குட்பட்ட பின்னரே தஞ்சை வேந்தன் கையில் ஏறிற்று. வெட்டும் வலி அலகினது; வெட்டுதற்குரிய முறைமை பிடியினது. முன்னதற்கு நாடில்லை, பின்னதற்கு நாடும் நெறியும் உண்டு.

இத்துணைச் சிறப்புடைய படைகள் யாதாயின? ஆங்கிலக் கம்பெனியார் தென்பாளையக்காரரை வென்றபின், 1801ஆம் ஆண்டு திசம்பர் 1ஆம் நாள் பாளையங்களிற் படைக்கலம் வைத்திருத்தலைத் தடுத்து விளம்பரம் செய்தனர். 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் உரிமைச் சீட்டின்றி அவற்றை வைத்திருத்தலை நாடு முழுதும் குற்றமாக்கியது. வாள் வேண்டுவார் இன்மையின் கம்மியர் உலைகள் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் ஒதுங்கின. ஆயினும் நாயக்கரும் அவர்க்குப்பின் மராட்டியரும் தலைமுறை தலைமுறையாகத் தொகுத்த தஞ்சை அரண்மனைக் கொட்டில் மட்டும் முழுதாய் நின்றது. சரசுவதி மகாலை வளர்த்த சரபோசி மன்னர் 1832இலும், அவர் மைந்தர் சிவாசி மன்னர் 1855இலும் காலஞ்சென்றனர். ஆண்மகவு இன்மையின் தஞ்சை அரசுரிமை கம்பெனியார் வசமாயிற்று. கொட்டிலும் அவர் கைக்குட்பட்டது.

அதன்பின் 1863ஆம் ஆண்டளவில் நிகழ்ந்ததை, சென்னை மாகாணத்து ஆட்சிப் பணியிலிருந்த வால்ஹவுஸ் என்பார் 1878இல் இந்தியன் ஆன்டிகுவரி என்னும் ஆராய்ச்சி இதழில் எழுதியுள்ளார். குவியல் குவியலாய்க் கிடந்த அப்படைகளுட் சிறந்தனவாகத் தோன்றிய சில பொறுக்கப்பட்டுச் சென்னை அரும்பொருட்காட்சி நிலையத்திற்கு அனுப்பப்பட்டன. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பென விற்கப்பட்டன. போரில் உடைந்திருப்பின் அது வாளின் விதி எனலாம். கலகம் மூளுமென அஞ்சி ஒளித்திருப்பினும் பின்னொருநாள் வெளிப்பட்டிருக்கும். இவையோ எடைபோடப்பட்டு அழிந்தன. துலாக்கோலுக்கு யாளியும் மகரமும் தெரிவதில்லை; அதற்குத் தெரிவது பாரமொன்றே.

இழந்தது யாதென்பதை அன்பர்கள் நினைத்தல் வேண்டும். கல்வெட்டொன்று உடையுமாயின் ஒரு மன்னனது ஆண்டும் ஓர் ஊரின் பெயரும் ஒரு கொடையும் அழிந்தனவென்று வருந்துகின்றோம். வாட்பிடி உடைந்தபோது அழிந்தவையும் அத்தகையனவே. எந்நூற்றாண்டில் எவ்வுருவம் தோன்றிற்று, எந்நாட்டு அலகு எத்துறைமுகம் வழி வந்தது, கோயிற் சிற்பத்தின் மாற்றம் அரண்மனைக் கம்மியனை எத்துணை விரைவில் எட்டிற்று என்பனவெல்லாம் அவ்விரும்பில் எழுதப்பட்டிருந்தன. எழும்பூரிற் காட்சி நிலையத்தில் எஞ்சியவற்றைக் கொண்டே அறிஞர் பல செய்திகளை அறிந்துள்ளனர். ஆங்கிலநாட்டு எல்குட்டு என்பார் 2004இல் தென்னாட்டுப் படைக்கலங்களையும் அவற்றிற்குரிய சடங்கினையும் ஆராய்ந்து பெருநூலொன்று வெளியிட்டார். ஒரு சிலவே இத்துணைப் பேசுமாயின் உடைந்தவை யாவும் இருந்திருப்பின் எத்துணைப் பேசியிருக்கும்!

வாளை நீக்குதற்கு இதுவொன்றே வழியன்று. அதனை நீக்கியும் அதன் பொருளை நீக்காத வழியொன்றைத் திருவொற்றியூர்க் கல்வெட்டு காட்டுகின்றது. கி.பி. 949ஆம் ஆண்டில், திருவூறல் என்னும் பாடல்பெற்ற தலமாகிய தக்கோலத்தில், முதற் பராந்தக சோழரின் மைந்தன் இராசாதித்தனும் இராட்டிரகூட வேந்தன் மூன்றாம் கிருட்டிணனும் பொருதனர். யானைமேல் இருந்தவாறே இராசாதித்தன் உயிர்நீத்தான். ஆனைமேற் றுஞ்சிய தேவர் என்பது அவற்குப் பெயராயிற்று. பகைவர் பக்கத்துக் கங்கர் கோமான் பூதுகனே அவனை வீழ்த்தியவன் என்று ஆதகூர்க் கல்வெட்டுக் கூறும். அவ்விராசாதித்தனுக்கு உயிர்த்தோழனாகவும் படைத்தலைவனாகவும் இருந்தவன் கேரளநாட்டான் ஒருவன். 943இற் பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என வழங்கும் ஊரிற் சிவபெருமானுக்குக் கற்றளி எடுத்த வெள்ளங்குமரன் அவனேயென்று அறிஞர் துணிவர். தன் தலைவன் மாய்ந்த களத்தில் தானும் உடன் மாயப் பெறாமையால் அவன் உள்ளம் உலகியலின் வெறுத்தது. கங்கையாடி மீண்டு, திருவொற்றியூரில் நிரஞ்சன குரவரையடைந்து மாவிரதம் பூண்டு, சதுரானன பண்டிதர் என்னும் திருப்பெயருடன் அவ்வூர் மடத்தின் தலைவரானார். தாம் பிறந்த அவிட்ட நாளில் ஒற்றியூர்ப் பெருமானுக்குச் சிறப்பு வழிபாடு நிகழ நூறு நிட்கம் பொன் வைத்தார். அதனைக் கூறும் வடமொழிக் கல்வெட்டுச் சுமார் 959ஆம் ஆண்டினது.

இக்கல்வெட்டின் காலக்குறிப்பை நோக்குமின். அது பொறிக்கப்பட்டது கிருட்டிணனது 20ஆம் ஆட்சியாண்டிலாம். தம் தலைவனைக் கொன்ற பகைவேந்தனது ஆட்சியாண்டைக் குறித்தே அவர் தம் கொடையை எழுதுவித்தார். வென்றவன் நாட்டிலிருந்து பழிவாங்க நினையாமலும் ஓடி ஒளியாமலும் பெருமான் திருமுன் அமர்ந்து பூசைக்குப் பொன் வைத்த அந்நிலையே வாளைத் துறந்த நிலை. அவர் வாளை வெறுத்தாரல்லர். தம் வீரத்தை மறைத்தாரல்லர். தாம் இராசாதித்தனுக்கு உற்றவராயிருந்ததைக் கல்லிலே வெளிப்பட உரைத்தார். வாள் யாருடைய ஆணைக்கு அடங்கியதோ அவ்வாணையை நேரே சென்று அடைந்தார். ஆகவே வாள் தானே கழன்றது. படித்து முடித்த ஏட்டைக் கட்டி வைப்பதற்கும், படியாத ஏட்டை அடுப்பிலிடுவதற்கும் உள்ள வேறுபாடு இதற்கும் தஞ்சையில் நிகழ்ந்ததற்கும் உண்டு.

அம்மடம் வழிவழி விளங்கிற்று. சதுரானன பண்டிதர் என்னும் பெயரே அடுத்தடுத்து வந்த தலைவர்க்கும் வழங்கிற்று. முதல் இராசேந்திர சோழர் காலத்துச் சதுரானன பண்டிதர் ஒருவர் சொற்படி, ஒற்றியூர்த் திருக்கோயிலின் தூங்கானைமாட விமானம் கருங்கல்லால் எடுக்கப்பட்டது. அதனை எடுத்த தச்சன் இரவி என்னும் வீரசோழத் தச்சன் எனக் கல்வெட்டு அவன் பெயரையும் காத்துத் தந்தது. கல்லிற் செய்தானுக்குக் கிடைத்த இப்பேறு இரும்பிற் செய்தார்க்குக் கிடைத்திலது. ஆயினும் அவர் கைத்திறம் அவர் செய்த யாளியில் நிற்கின்றது. அதனைக் காத்தலே அவர் பெயரைக் காத்தலாம்.

ஒற்றியூரில் இன்னொரு கூரிய கருவியின் வரலாறும் உண்டு. செக்குத் தொழிலார் வாழ்ந்த சக்கரப்பாடித் தெருவினரான கலிய நாயனார், திருவிளக்குக்கு எண்ணெய் இன்றி, உடைமையெல்லாம் தொலைந்த நிலையில், தம் மிடற்றையரிந்து குருதியால் விளக்கெரிக்கத் துணிந்து கருவியை எடுத்தார். பெருமான் அக்கையைப் பற்றித் தடுத்தருளினார் எனப் பெரியபுராணம் கூறும். பகைவன்மேற் செல்லும் வாளைத் தடுப்பது உலகத்தார்க்கும் இயலும். அன்பின் மிகுதியால் தன்மேற் செல்லும் கருவியைத் தடுப்பது அவ்வன்பிற்கு உரியவன் கையே. ஏந்தும் கைக்கும் மேலே ஒரு கை உண்டென்னும் இவ்வுண்மையையே வாட்பிடியிற் செதுக்கிய உருவங்களும் தம்மளவிற் சொல்லி நிற்கின்றன.

இன்று இராயபுரம் முதல் எண்ணூர்வரை பரந்த கடற்கரை, தமிழ்நாட்டில் இரும்பின் ஒலி மிக்க இடங்களுள் ஒன்று. தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டில் இராயபுரத்தினின்றே தொடங்கிற்று. எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் நிறுவனத்தார் பின்னர் அசோக் லேலண்டு என்னும் பெயருடன் பார வண்டிகள் செய்யலாயினர். திருவொற்றியூரில் 1950களில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை எழுந்தது. அப்பெயர் ஆங்கிலநாட்டில் துப்பாக்கிகள் செய்த ஊரின் பெயர். பீரங்கியே அவ்வண்டிக்கு இலச்சினை. சதுரானனர் படைக்கலம் துறந்த ஊரிற் படைக்கல ஊரின் பெயர்தாங்கிய ஊர்திகள் செய்யப்பட்டன. ஆயினும் புரட்டாசித் திங்களிலோ ஐப்பசியிலோ வரும் ஆயுத பூசையன்று இப்பகுதிப் பட்டறைகளுக்குச் சென்று காண்பார்க்கு ஒரு செய்தி விளங்கும். கடைசல் எந்திரத்திற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டித் தொழிலாளர் கைகூப்பி நிற்பர். தொல்காப்பியர் கூறிய வாண்மங்கலம் இறந்துபடவில்லை. வாள் போயிற்று, மங்கலம் நின்றது.

இனி நாம் செய்யத்தக்கன யாவை? பழைய திருக்கோயிற் களஞ்சியங்களிலும், குறுநில மன்னர் வழியினர் இல்லங்களிலும், ஊர்த்தெய்வக் கோயில்களிலும் பழவாள்களும் கட்டாரிகளும் வேல்களும் இன்னும் உள்ளன. திருப்பணிக் காலத்து அவற்றைப் பழைய இரும்பென எடைக்கு விடுதல் கூடாது. நூறாண்டிற்கு மேற்பட்ட இத்தகைய கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்திற்கு உட்பட்டவை. தனியார் அவற்றை அயல்நாட்டிற்குக் கொண்டு செல்லலாகாது. துருவைப் போக்குவதாக எண்ணி உப்புத்தாளாலும் அரத்தாலும் தேய்த்தலும் தகாது. அங்ஙனந் தேய்த்தால் உருக்கின் நீரலை வரி மறையும். பதித்த பொன் உதிரும். ஈரமின்றித் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி வைப்பதே போதும். தொண்டைமான் கொட்டிலில் நெய் பூசியோர் அறிந்திருந்ததும் இதுவே. பிடியின் உருவங்களை எழுதிவைத்தலும் நிழற்படமெடுத்துத் தொல்லியல் துறையினர்க்கும் காட்சி நிலையத்தார்க்கும் தெரிவித்தலும் கல்வெட்டைப் படியெடுத்தலோடு ஒத்த தொண்டாம்.

சைவப் புலவர்க்கு இதில் தனிக் கடப்பாடு உண்டு. அயல்நாட்டறிஞர் அலகின் நீளத்தையும் உலோகத்தின் கலப்பையும் செவ்வனே அளந்துள்ளனர். அதற்கு நாம் நன்றி பாராட்டுவோம். ஆயின் யாளி காவல் நிற்பதேன், கீர்த்திமுகம் விழிப்பதேன், நந்தி பிடியில் அமர்வதேன் என்பவற்றைப் புராணமும் ஆகமமும் சிற்பநூலும் பயின்றாரே அச்சமின்றி உரைக்கவல்லர். எழும்பூர்க் காட்சி நிலையத்திற்குச் செல்லும் அன்பர்கள், செப்புத் திருமேனிகளின் முன்னே நிற்கும் அளவு நேரமேனும் தஞ்சைப் படைகளின் முன்னும் நின்று, அலகை விடுத்துப் பிடியை நோக்குவாராக. எடைபோட்டவர் காணாதது அவர் கண்ணுக்குப் புலனாகும்.

திருச்சிற்றம்பலம்